கிங்ஸ்பரி நீர்த்தேக்கமும் அதன் உயிர்களும்

வடமேற்கு லண்டனில் கிங்ஸ்பரி, ஹென்டன், நீஸ்டன் ஆகிய ஊர்களுக்கு நடுவே வெல்ஷ் ஹார்ப் என்று உள்ளூர் மக்கள் அழைக்கும் நீர்த்தேக்கம் இருக்கிறது. பிரென்ட் நீர்த்தேக்கம் என்பது அதன் அரசாங்கப் பெயர். பழைய ஆவணங்களில் கிங்ஸ்பரி நீர்த்தேக்கம் என்றே காணப்படும். கரையையும் சேர்த்து 68.6 ஹெக்டேர் பரப்பு, அறிவியல் சிறப்புள்ள இடமாக அறிவிக்கப்பட்டுப் பாதுகாப்பில் உள்ளது. ஒருபுறம் வடக்கு வட்டச்சாலை, மறுபுறம் எம்1 நெடுஞ்சாலையின் தொடக்கம், சுற்றிலும் வீடுகள். இந்த இரைச்சலுக்கு நடுவில் கொண்டை முக்குளிப்பான் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கிறது. கூண்டும் நுழைவுச்சீட்டும் இல்லாத இந்த இடத்தின் விலங்கு வரலாறு சுமார் 250 ஆண்டுகள் நீளமானது. அதை எழுதிவைத்தவர்களில் முதலில் வருபவர், விலங்குகளைப் பெரும்பாலும் புத்தகத்தில் பார்த்தவர்.

அவர் ஆலிவர் கோல்ட்ஸ்மித். நாவலாசிரியராகவும் கவிஞராகவும் புகழ்பெற்ற அவர், கடன் தொல்லையில் இருந்தபோது எட்டுத் தொகுதிகளில் ஓர் உயிரின வரலாறு எழுதித் தருவதாக ஒப்பந்தம் செய்திருந்தார். கூலி 800 கினி. நகரத்தின் சந்தடியில் வேலை ஓடாது என்று 1771இல் எட்ஜ்வேர் சாலையில், ஆறாவது மைல்கல்லுக்கு அருகே, கிங்ஸ்பரியின் ஹைட் பகுதியில் ஒரு பண்ணைவீட்டில் அறை எடுத்தார். புத்தகங்கள் இரண்டு வாடகைக் குதிரைவண்டிகளில் வந்து இறங்கின. 1772 ஏப்ரலில் எழுத்தாளர் ஜேம்ஸ் பாஸ்வெல்லும், கவிஞர் மிக்கிலும் அவரைப் பார்க்கப் போனார்கள். ஆள் வீட்டில் இல்லை. இருந்தாலும் ஆவலை அடக்க முடியாமல் அறைக்குள் நுழைந்து பார்த்தார்கள். விலங்குகளைப் பற்றிய துண்டு துண்டான வருணனைகள் சுவரெங்கும் பென்சிலால் கிறுக்கப்பட்டிருந்தன.

அந்தச் சுவர் எழுத்துகளின் மூலம் பெரும்பாலும் பிரெஞ்சு அறிஞர் புஃபோனின் நூல்கள். சன்னலுக்கு வெளியே பண்ணை மாடுகள் மேய்ந்துகொண்டிருக்க, பசுவுக்கு மூன்று வயதில் கொம்பு உதிர்ந்து புதிதாக முளைக்கும் என்று கோல்ட்ஸ்மித் எழுதினார். படியிறங்கிப் போய்ப் பண்ணைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். 1774 ஏப்ரலில் அவர் இறந்தார். நூல் அதே ஆண்டு வெளிவந்தது. பிழைகள் மலிந்திருந்தும் நடையழகால் அது பல பதிப்புகள் கண்டது. கிங்ஸ்பரியில் அவர் பெயரில் ஒரு தொடக்கப்பள்ளி இன்றும் உள்ளது.

கோல்ட்ஸ்மித் காலத்துக் கிங்ஸ்பரி புல்வெளி நிறைந்த ஊர். களிமண் நிலம் உழவுக்குக் கடினம், புல்லுக்கு ஏற்றது. லண்டன் தெருக்களில் ஓடிய குதிரைகளுக்குத் தீவனம் வேண்டியிருந்தது. புல்லை அறுத்துக் காயவைத்து வண்டியில் ஏற்றி நகரத்துக்கு அனுப்புவதே ஊரின் பிழைப்பு ஆயிற்று. ஏரி அப்போது இல்லை. சில்க் ஸ்ட்ரீம், டாலிஸ் புரூக் என்ற இரு ஓடைகள் சேர்ந்து பிரென்ட் ஆறாக ஓடிய பள்ளம் மட்டும் இருந்தது.

ஏரி வந்தது படகுகளுக்காக. 1820இல் திறக்கப்பட்ட ரீஜன்ட்ஸ் கால்வாய், பேடிங்டன் பக்கத்திலிருந்து லைம்ஹவுஸ் வரை 12 மதகுப் படிகளில் இறங்குகிறது. ஒவ்வொரு படகும் ஒரு படியைக் கடக்கும்போது ஒரு தொட்டி நிறையத் தண்ணீர் கீழ்மட்டத்துக்குப் போய்விடும், திரும்ப வராது. போக்குவரத்து பெருகப் பெருக மேல்மட்டம் வற்றியது. கால்வாய்க் கம்பெனி பிரென்ட் ஆற்றின் குறுக்கே அணை கட்டத் தீர்மானித்தது. வில்லியம் ஹூஃப் என்ற ஒப்பந்ததாரர் 1834-35இல் வேலையைச் செய்தார். வேலை முடியும் தறுவாயில், 1835 ஆகஸ்டில், நான்கு சகோதரர்கள் அந்தத் தண்ணீரில் மூழ்கி இறந்தார்கள். 1841 ஜனவரியில் தொடர்மழைக்குப் பின் அணை உடைந்து மேலும் உயிர்கள் போயின. அதன்பிறகுதான் அணையருகே ஒரு காவலாளுக்கு வீடு கட்டிக் குடிவைத்தார்கள். முதலில் சுமார் 69 ஏக்கராக இருந்த நீர்ப்பரப்பு 1850களில் 400 ஏக்கர் அளவுக்கு விரிந்து, பிறகு படிப்படியாகச் சுருங்கி, இன்று 110 ஏக்கர் அளவில் நிற்கிறது.

இங்கிருந்து வெட்டிய வாய்க்கால் வழியாகக் கால்வாயில் சேரும் தண்ணீர், ரீஜன்ட்ஸ் பூங்காவில் 1828இல் திறக்கப்பட்ட லண்டன் விலங்குக்காட்சி சாலையின் ஊடாகவே ஓடுகிறது. சிங்கமும் ஒட்டகச்சிவிங்கியும் பார்க்கக் கூட்டம் கூடிய இடத்தைத் தொட்டுச் செல்லும் அதே தண்ணீரின் தலைமாட்டில், யாரும் அழைக்காமல் வேறு உயிர்கள் வந்து குடியேறிக்கொண்டிருந்தன.

அவை வந்ததற்குக் காரணம் எளிது. மிடில்செக்ஸ் மாவட்டத்தில் அத்தனை பெரிய திறந்த நீர்ப்பரப்பு அரிது. கோடையில் கால்வாய்க்குத் தண்ணீர் திறந்துவிட்டதும் ஏரியின் ஓரங்கள் சேறாகக் காயும். சரியாக அந்த ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில்தான் வடக்கே முட்டையிட்டு முடித்த உள்ளான் இனங்கள் தெற்கு நோக்கிப் பறக்கின்றன. அலகால் சேற்றைக் குத்திப் புழு பொறுக்க அவற்றுக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. படகுக்காரன் தேவைக்குத் திறந்த மதகு பறவைக்கு விருந்து வைத்தது.

இதை முதலில் கவனித்தவர்களில் ஒருவர் ஃபிரெடரிக் பாண்ட். பூச்சிகளிலும் பறவைகளிலும் பித்துக்கொண்ட அவர் 1840களில் கிங்ஸ்பரியில் வாழ்ந்தார். கையில் துப்பாக்கியோடு கரையோரம் திரிந்தார். அக்காலத்தில் அரிய பறவை ஒன்றைப் பார்த்தேன் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். சுட்டு, தோலுரித்து, பஞ்சடைத்துக் காட்டவேண்டும். தொலைநோக்கி எடையும் விலையும் மிகுந்தது; அதில் தெரியும் உருவமும் மங்கல். ஆகவே அந்தக் காலத்துப் பதிவு என்பது ஒரு பிணம். பாண்ட் சேர்த்த குறிப்புகளும், பின்னர் இளைஞராகக் கிங்ஸ்பரியில் வாழ்ந்த ஜேம்ஸ் எட்மண்ட் ஹார்ட்டிங்கின் சொந்தக் கவனிப்புகளும் சேர்ந்துதான் 1866இல் ‘மிடில்செக்ஸ் பறவைகள்’ என்ற ஆங்கில நூல் ஆயிற்று. அப்போது ஹார்ட்டிங்குக்கு வயது 25. அந்த நூலில் கிங்ஸ்பரி ஏரிக்குக் கிடைத்த இடத்தைப் போல வேறெந்த நீர்நிலைக்கும் கிடைக்கவில்லை. ஒரு மாவட்டத்துப் பறவைகளை மாதவாரியாக, இடவாரியாக எழுதும் பழக்கத்தை லண்டன் வட்டாரத்தில் நிலைநிறுத்தியது அது.

ஏரிக்கரையின் இன்னொரு முகம் சத்திரம். எட்ஜ்வேர் சாலையோரத்தில் இருந்த ஓல்டு வெல்ஷ் ஹார்ப் மதுக்கடையை 1858இல் வில்லியம் பெர்கின்ஸ் வார்னர் ஏற்றார். அதன் பெயர்தான் நாளடைவில் ஏரிக்கும் ஒட்டிக்கொண்டது. ஏரியில் மீன்பிடிக்கவும் சுடவுமான உரிமையை வார்னர் குத்தகைக்கு எடுத்து, வாடிக்கையாளர்களுக்குத் தனித்தனியாக விற்றார். குதிரைப் பந்தயம், படகுச் சவாரி, குளிர்காலத்தில் உறைந்த ஏரிமேல் சறுக்கு என்று ஆண்டு முழுவதும் ஏதாவது ஒன்று நடந்தது. 1870இல் மிட்லண்ட் ரயில்வே வெல்ஷ் ஹார்ப் என்றே ஒரு நிலையம் திறந்தது. அடுத்த ஆண்டு வங்கி விடுமுறைச் சட்டம் வந்ததும் கிழக்கு லண்டன் தொழிலாளர் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் வந்து இறங்கின. 1876இல் இங்கே ஒரு புதுமை நடந்தது. தண்டவாளம் போன்ற நேர்ப்பாதையில், சுழற்றுருளையால் இழுக்கப்படும் பொம்மை முயலை வேட்டைநாய்கள் துரத்தின. உயிருள்ள முயலைத் துரத்திக் கொல்லும் விளையாட்டுக்கு மாற்றாகக் காட்டப்பட்ட அது, அப்போது பிடித்துக்கொள்ளவில்லை. சுற்றுப்பாதையோடு அமெரிக்காவில் மறுபிறவி எடுத்து, 1926இல்தான் இங்கிலாந்துக்குத் திரும்பியது. குதிரைப் பந்தயம் 1879 சட்டத்தோடு நின்றது: சாரிங் கிராஸிலிருந்து பத்து மைலுக்குள் உரிமமின்றிப் பந்தயம் நடத்தக் கூடாது என்றது அது. ரயில் நிலையம் 1903இல் மூடப்பட்டது. சத்திரக் கட்டடம் 1970களில் சாலைச் சந்திப்புக்காக இடிக்கப்பட்டது.

வார்னரின் வாடிக்கையாளர்கள் சுட்ட பறவைகள் எத்தனை என்ற கணக்கு எங்கும் இல்லை. ஆனால் நாடு முழுவதும் ஒரு பறவை அழிவின் விளிம்புக்குப் போனது நன்றாகத் தெரியும். கொண்டை முக்குளிப்பானின் மார்பு இறகு அடர்த்தியாக, வெண்பட்டுப் போல இருக்கும். நீர் ஒட்டாது. தோலோடு உரித்தெடுத்தால் விலங்கின் மென்மயிர் போலவே தோன்றும். பெண்களின் கைப்போர்வைக்கும் கழுத்துத் துண்டுக்கும் அது 1850களில் மோஸ்தர் ஆயிற்று. 1860 வாக்கில் பிரிட்டன் முழுவதும் நூறு சோடிகூட மிஞ்சவில்லை. 1869இல் கடற்பறவைகளுக்கும், 1872, 1880 ஆண்டுகளில் மற்ற காட்டுப் பறவைகளுக்கும் பாதுகாப்புச் சட்டங்கள் வந்தன. முட்டையிடும் காலத்தில் சுடக் கூடாது என்பது அவற்றின் சாரம். அந்தத் தடைக்காலம் கோரிய அறிஞர் குழுவில் ஹார்ட்டிங்கும் இருந்தார். துப்பாக்கியோடு தொடங்கிய ஆள் அங்கே போய்ச் சேர்ந்ததில் முரண்பாடு இல்லை. எது குறைகிறது என்பது சுடுகிறவர்களுக்குத்தான் முதலில் தெரியும். சட்டத்தை விட்டால், இறகுக்கு எதிராகக் கிளம்பியவர்கள் பெரும்பாலும் பெண்கள். எமிலி வில்லியம்சன் 1889இல் மான்செஸ்டர் பக்கத்தில் தொடங்கிய சிறு சங்கம்தான் இன்றைய பறவைப் பாதுகாப்புக் கழகத்தின் வேர்.

தமிழ்நாட்டு வாசகருக்கு இந்த இடத்தில் வேடந்தாங்கல் நினைவுக்கு வரும். அதுவும் மனிதர் வெட்டிய நீர்நிலை. அங்கே படகுக்குப் பதில் நெல். அங்கும் துப்பாக்கி வந்தது: 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயச் சிப்பாய்கள் கூடுகட்டிய பறவைகளைச் சுட்டார்கள். ஊர்மக்கள் செங்கல்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு, பறவைகளைச் சுடத் தடைவிதிக்கும் கௌல் (எழுத்துமூல உறுதி) ஒன்றை 1798இல் வாங்கினார்கள். பிரிட்டிஷ் நாடாளுமன்றம் முதல் பறவைச் சட்டம் இயற்ற இன்னும் 71 ஆண்டுகள் இருந்தன. வேடந்தாங்கல்காரர்களைத் தூண்டியது அழகுணர்ச்சி மட்டும் அல்ல. பறவை எச்சம் கரைந்த ஏரித்தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்கள் கைகண்ட கணக்கு. கிங்ஸ்பரி ஏரியில் யாருக்கும் அப்படி ஒரு லாபம் இருக்கவில்லை. அங்கே பாதுகாப்பு தாமதமாக வந்ததற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

கொண்டை முக்குளிப்பானின் ஆண்டு இப்படிப் போகிறது. குளிர்காலத்தில் தலைக்கொண்டை சுருங்கி, சாம்பலும் வெள்ளையுமாகக் கூட்டமாக மிதக்கும். பிப்ரவரியில் கருங்கொண்டையும் செம்பழுப்புக் கன்ன இறகும் முளைத்ததும் ஆட்டம் தொடங்கும். ஆணும் பெண்ணும் எதிரெதிரே நின்று தலையை இடமும் வலமும் ஆட்டும். பிறகு இரண்டும் மூழ்கி, அலகில் நீர்ப்பாசியைக் கவ்விக்கொண்டு மேலெழும்பி, மார்போடு மார்பு சேர்த்து, கால்களை அடித்துக்கொண்டு நீருக்கு மேல் நிமிர்ந்து நிற்கும். அழுகிய கோரையாலும் பாசியாலும் ஆன கூடு கரையைத் தொடாமல் மிதக்கும். நாணல் தண்டில் கட்டுண்டிருப்பதால் நீர்மட்டம் சற்று ஏறினாலும் இறங்கினாலும் கூடு கூடவே ஏறி இறங்கும். மதகு திடீரென்று திறந்தால் மட்டும் கூடு தரைதட்டும். அடைகாக்கும் பறவை எழுந்து போகும்போது ஈரப்பாசியை இழுத்து முட்டைமேல் மூடிவிட்டுப் போகும். வெள்ளையாக இட்ட முட்டை அந்தப் பாசிக் கறையில் சில நாளில் பழுப்பாகிவிடும். சுமார் 28 நாளில் பொரியும் குஞ்சுகள் வரிக்குதிரை போலக் கோடு கோடாக இருக்கும். தாய் தந்தையின் முதுகு இறகுக்குள் ஏறி உட்கார்ந்து ஏரியைச் சுற்றும். முதல் நாள்களிலேயே பெற்றோர் அவற்றுக்கு மீனோடு தங்கள் சொந்த இறகையும் ஊட்டும். வயிற்றில் அது மெத்தையாகி மீன்முள் குத்தாமல் காக்கிறது என்பது பறவையியலாளர் விளக்கம். குஞ்சுகள் வளர்ந்ததும் குடும்பம் இரண்டாகப் பிரிந்து, பாதியைத் தாயும் பாதியைத் தந்தையும் பார்த்துக்கொள்ளும்.

இந்த ஆட்டத்தை அறிவியலாக்கியவர் ஜூலியன் ஹக்ஸ்லி. 1912 வசந்தத்தில் ட்ரிங் நீர்த்தேக்கங்களில் இதைக் கவனித்து, 1914இல் லண்டன் விலங்கியல் கழக ஏட்டில் நீண்ட கட்டுரையாக வெளியிட்டார். விலங்கு நடத்தை ஆய்வின் தொடக்க நூல்களில் ஒன்றாக அது மதிக்கப்படுகிறது. ட்ரிங்கும் கால்வாய்க்காகக் கட்டிய ஏரிதான். 1931இல் டாம் ஹாரிசனும் ஃபில் ஹாலமும் சுமார் 1,300 தன்னார்வலர்களைத் திரட்டி நாடு முழுவதும் இந்த ஒரே பறவையைக் கணக்கெடுத்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட சோடிகள் இருப்பது தெரிந்தது. அதே ஆண்டு மே 23இல், கூண்டுகளுக்குப் பதில் பெரிய புல்வெளிகளில் விலங்குகளை உலவவிட்ட விப்ஸ்னேட் பூங்கா திறக்கப்பட்டது. பறவையைப் பிடித்து வைக்காமல் பார்ப்பது ஒருபுறமும், விலங்கைச் சிறை தெரியாமல் வைத்துப் பார்ப்பது மறுபுறமுமாக, பார்க்கும் முறையே மாறிக்கொண்டிருந்த காலம் அது.

கிங்ஸ்பரியோ அந்தக் காலத்தில் தலைகீழாக மாறிக்கொண்டிருந்தது. 1921இல் 2,000 பேர்கூட இல்லாத ஊரில் 1931இல் 16,000க்கும் மேற்பட்டவர் குடியிருந்தார்கள். 1924-25இல் பக்கத்து வெம்ப்ளியில் நடந்த பேரரசுப் பொருட்காட்சிக்காகச் சாலைகள் அகலமாகின. 1932 டிசம்பரில் கிங்ஸ்பரி ரயில் நிலையம் திறந்தது. ஸ்டாக் லேன் விமானத்தளத்தில் டி ஹாவிலண்ட் கம்பெனி விமானம் கட்டியது. அதன் நிறுவனர் ஜெஃப்ரி டி ஹாவிலண்ட் சிறுவயது முதல் வண்ணத்துப்பூச்சியும் அந்துப்பூச்சியும் சேகரித்தவர். 1925இல் பறந்த சிறு விமானத்துக்கு மாத் என்று பெயர் வைத்தார். ஜிப்சி மாத், டைகர் மாத் எல்லாம் அந்த வரிசை. புல்வெளிகளில் குதிரைத் தீவனம் வளர்த்த ஊரில் இப்போது அந்துப்பூச்சியின் பெயர்தான் அதிகம் பறந்தது.

வீடுகள் வந்தும் ஏரி தப்பியது. கால்வாய் இன்னும் தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்தது. 1950களின் கடுங்குளிர்காலங்களில் ஸ்மியூ என்ற வெள்ளை வாத்து நூற்றுக்கும் மேல் இங்கே கூடியது. பால்டிக் கடலோரம் உறைந்தால் அவை மேற்கே வரும். பிற்காலத்தில் அங்கே குளிர் தணியத் தணிய இங்கே அவற்றின் வரவு அற்றுப்போயிற்று. 1960இல் பெண்களுக்கான ஐரோப்பியப் படகுப்போட்டி இதே ஏரியில் நடந்தது. 1972இல் வெல்ஷ் ஹார்ப் பாதுகாப்புக் குழு அமைந்தது. அதே ஆண்டு ஜூனில், சிஃப்சாஃப் என்ற சிறு பறவையைப் போலவே தோன்றி வேறு மெட்டில் பாடிய ஒரு குருவியின் குரல் ஒலிவரைபடத்தில் ஆராயப்பட்டது. அது ஐபீரிய சிஃப்சாஃப். பிரிட்டனில் முதன்முதலாக உறுதிசெய்யப்பட்ட பதிவு. பாண்ட் காலமாக இருந்தால் அதைச் சுட்டிருப்பார்கள். பஞ்சடைத்த உடலை வைத்து இனத்தைச் சொல்லவும் முடிந்திராது. அடையாளம் பாட்டில்தான் இருந்தது. லியோ பேட்டன் முதலான உள்ளூர்ப் பறவை ஆர்வலர்கள் பல பத்தாண்டு வாரக் கணக்குகளைத் தொகுத்து 2001இல் ஏரிப் பறவைகளுக்கென்றே ஒரு நூல் வெளியிட்டார்கள். மிதவைத் தளங்களைக் கட்டி ஏரியில் விட்டதும் ஆலாக்கள் அவற்றில் முட்டையிடத் தொடங்கின. மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் குளிர்காலத்தைக் கழித்து ஏப்ரலில் வந்து சேரும் பறவைகள் அவை.

பழைய புல்வெளியின் ஒரு பகுதி ஃப்ரையன்ட் கிராமியப் பூங்காவாக நிலைத்திருக்கிறது. பரப்பு நூறு ஹெக்டேருக்குச் சற்று அதிகம். ஆக்ஸ்ஃபோர்டின் ஆல் சோல்ஸ் கல்லூரிக்குக் கிங்ஸ்பரியில் நிலம் இருந்தது. அதற்காக 1597இல் வரைந்த படத்தில் காணும் வயல் எல்லைகள் பல இன்றும் உயிர்வேலிகளாகவே நிற்கின்றன. 1920, 30களில் உள்ளாட்சிகள் விலைக்கு வாங்கியதால் வீட்டுமனை ஆகாமல் தப்பியது. புல்லைக் கோடை முதிர்ந்த பிறகே அறுக்கிறார்கள்: முன்னதாக அறுத்தால் பூ விதையாகாது, தரையில் கூடுகட்டும் பறவையின் குஞ்சும் அரிவாளில் போகும். தூர்ந்துபோன குளங்களைத் தன்னார்வலர்கள் தூர்வாரிய பிறகு கொண்டை நியூட் அவற்றில் முட்டையிடுகிறது. பல்லி உருவில் நீரிலும் நிலத்திலும் வாழும் இது ஒவ்வொரு முட்டையையும் நீர்ச்செடியின் இலைக்குள் வைத்துப் பின்கால்களால் மடித்து ஒட்டும். குளத்தில் மீன் விடக் கூடாது. மீன் வந்தால் நியூட்டின் குஞ்சு மிஞ்சாது.

அணையைத் தாண்டிய பிரென்ட் ஆறு நீஸ்டன், கிரீன்ஃபோர்ட், ஹேன்வெல் வழியாகப் பிரென்ட்ஃபோர்டில் தேம்ஸில் கலக்கிறது. அந்த ஆற்றுப்படுகையைச் சேர்ந்த கிரீன்ஃபோர்டின் பாரடைஸ் ஃபீல்ட்ஸ் சதுப்பில் 2023 அக்டோபர் 11இல் ஐந்து பீவர்கள் கொண்ட ஒரு குடும்பத்தை விட்டார்கள். மென்மயிருக்காகவும் இறைச்சிக்காகவும் வேட்டையாடப்பட்டுச் சுமார் 400 ஆண்டுகளுக்கு முன் பிரிட்டனிலிருந்து மறைந்த விலங்கு அது. அவை மரம் கடித்துக் கட்டிய அணைகளுக்குப் பின்னால் தண்ணீர் தேங்கத் தொடங்கியது. 2024இல் அவற்றுக்குக் குட்டிகள் பிறந்தன.